போரை மறுத்தவரின் உடம்பும் பத்திரிகைகளின் கண்ணும்

முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் ஓர் அஞ்சலட்டை விற்பனையானது. மனசாட்சியின் பேரில் போரை மறுக்கும் ஒருவர் போர்முனையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வார் என்பதுதான் அதில் இருந்த படம். எதிரில் ஜெர்மன் சிப்பாய். இவருக்கோ ஒடிசலான உடம்பு, தொய்ந்து விழும் மணிக்கட்டு. ‘பொல்லாத ஜெர்மன்காரா, இதோடு நிறுத்தாவிட்டால் எனக்கு மனசாட்சி இருப்பதையே மறந்து உன் கையில் ஒரு தட்டு தட்டிவிடுவேன்’ என்ற பொருளில் ஒரு வசனமும் உண்டு. கொல்வது சரியா, கொல்லச் சொல்லி ஒருவரைக் கட்டாயப்படுத்த அரசுக்கு உரிமை இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு அந்த அட்டையில் பதில் கிடையாது. மறுத்தவரின் உடம்பைக் காட்டினாலே பதில் சொன்ன மாதிரிதான் என்று வரைந்தவர் நினைத்திருக்கிறார். காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அது போதுமானதாக இருந்தது.

சுதந்திர இந்தியாவில் கட்டாய ராணுவச் சேவை இருந்ததில்லை. அதனால் மனசாட்சி மறுப்பாளர் என்றால் யார் என்பது நமக்குச் சட்டென்று பிடிபடாது. அரசு படைக்கு அழைக்கும்போது, மத நம்பிக்கையாலோ அரசியல் கொள்கையாலோ ‘நான் ஆயுதம் எடுக்க மாட்டேன்’ என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்கான தண்டனையை ஏற்கத் தயாராக இருப்பவர் அவர். படையிலிருந்து ஓடிப்போகிறவர் தலைமறைவாவார். இவர் அதிகாரியின் முன்னால் போய் நின்று பெயரைச் சொல்லி மறுப்பார். இந்த வேறுபாட்டை வாசகருக்கு எடுத்துச் சொல்வதுதான் பத்திரிகையின் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். நூறாண்டுக்கும் மேலான செய்திகளைப் பார்த்தால், பத்திரிகைகள் முதலில் பார்த்தது அவருடைய தோற்றத்தை. மனசாட்சியைப் படம் பிடிக்க முடியாது. முகத்தையும் முடியையும் தோள் அகலத்தையும் பிடிக்கலாம். அதனால் கொள்கை உண்மையானதா என்ற வழக்கில் உடம்பையே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

பிரிட்டனில் 1916 மார்ச்சில் கட்டாய ராணுவச் சேவை நடைமுறைக்கு வந்தது. முதலில் 18 முதல் 41 வயதுக்குள் இருந்த மணமாகாத ஆண்கள், சில மாதங்களில் மணமானவர்களும். மனசாட்சியின் அடிப்படையில் விலக்குக் கேட்க அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. கேட்பவரின் நேர்மையை விசாரிக்க ஊருக்கு ஊர் தீர்ப்பாயங்கள் அமைத்தார்கள். உள்ளூர்க் கடைக்காரர், நகரசபை உறுப்பினர், ஓய்வுபெற்ற அதிகாரி என்று ஐந்தாறு பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். ராணுவத்தின் பிரதிநிதி ஒருவரும் இருப்பார். ஒரு மனிதனின் மனசாட்சியைச் சில நிமிடங்களில் எடைபோட வேண்டும். ‘உன் சகோதரியை ஒரு ஜெர்மன் சிப்பாய் பலாத்காரம் செய்ய வந்தால் என்ன செய்வாய்?’ என்ற கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. எப்படிப் பதில் சொன்னாலும் சிக்கல். அடிப்பேன் என்றால் கொள்கை பொய். அடிக்க மாட்டேன் என்றால் ஆண்மை பொய். கேள்வியே உடம்பைப் பற்றியதுதான்.

அந்த வருடம் மார்ச்சில் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் தீர்ப்பாயத்தின் முன் எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ரேச்சி வந்தார். நீண்ட செந்தாடி, மெலிந்து நீண்ட உடம்பு, மூக்குக் கண்ணாடி. உடல் உபாதை காரணமாக, காற்று ஊதிய ரப்பர் மெத்தை ஒன்றை நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். சகோதரி கேள்விக்கு ‘இருவருக்கும் நடுவில் என் உடலை நுழைக்கப் பார்ப்பேன்’ என்று அவர் சொன்ன பதில் இன்றுவரை விருந்துகளில் சொல்லப்படும் கதையாகிவிட்டது. மனசாட்சி மறுப்பாளர் என்றதும் பல ஆங்கில வாசகர்களின் நினைவுக்கு இன்றும் வருவது இந்தத் தாடியும் மெத்தையும்தான். ஆனால் ஸ்ட்ரேச்சி சிறைக்குப் போகவில்லை. அவரைச் சோதித்த ராணுவ மருத்துவர்கள் எந்தப் பணிக்கும் தகுதியற்றவர் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இங்கேதான் கேலிச்சித்திரத்தின் தர்க்கம் தலைகீழாகிறது. ராணுவத்துக்கு நோஞ்சான்கள் வேண்டாம். பயந்தாங்கொள்ளியான ஒரு நோஞ்சானுக்கு மனசாட்சியைத் துணைக்கு இழுக்க வேண்டிய தேவையே இல்லை, மருத்துவப் பரிசோதனைக்குப் போனால் போதும். மறுப்பாளராகக் கடைசிவரை நின்று சிறைக்குப் போனவர்களில் பெரும்பாலோர், ராணுவம் வேண்டும் என்று கேட்ட உடம்பு உடையவர்கள். உடல்நிலையைக் காட்டித் தப்பியிருக்கக்கூடிய சிலர்கூட, அந்த வழி தங்களுக்கு வேண்டாம் என்று மருத்துவப் பரிசோதனையையே மறுத்தார்கள். எளிய உண்மை இது. ஆனாலும் ஒடிசலான மறுப்பாளரின் படத்தை அச்சிட்ட இதழ்களுக்கு அது தேவைப்படவில்லை.

நார்மன் காடி என்ற இளைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில்வே எழுத்தர். சண்டர்லாண்ட் கால்பந்துக் குழுவின் இரண்டாம் அணியில் முன்கள ஆட்டக்காரர். யார்க்‌ஷயரின் ரிச்மண்ட் கோட்டையில் அடைக்கப்பட்டு, 1916 மே மாதத்தில் கட்டாயமாகப் பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்ட பதினாறு பேரில் அவரும் ஒருவர். போர்முனைப் பகுதியில் கட்டளைக்குக் கீழ்ப்படிய மறுத்தால் மரண தண்டனை என்பது அவர்களுக்குத் தெரியும். மறுத்தார்கள். அந்தக் கோடையில் பிரான்சில் 35 மறுப்பாளர்களுக்கு மரண தண்டனை விதித்து, அதே இடத்தில் அதைப் பத்து வருடக் கடுங்காவலாக மாற்றி வாசித்தார்கள். காடி அவர்களில் ஒருவர். கால்பந்து மைதானத்தில் மோதி விளையாடிய உடம்பு, சுட்டுக் கொல்வோம் என்றபோதும் அசையாத மனசு. அஞ்சலட்டைக்காரருக்கு இவரை எப்படி வரைவது என்று தெரிந்திருக்காது.

சரி, வலுவான உடம்பு இருந்தால் மதிப்பு கிடைத்ததா? அதுவும் இல்லை. 1917 மார்ச்சில் டார்ட்மூர் சிறையைக் காலி செய்து, பூட்டுகளைக் கழற்றி, ‘பிரின்ஸ்டவுன் பணி மையம்’ என்று பெயர் மாற்றினார்கள். மாற்றுப் பணிக்கு ஒப்புக்கொண்ட ஆயிரம் மறுப்பாளர்களுக்கு மேல் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். கல்லுடைப்பதும் குளிர் மேட்டு நிலத்தைப் பண்படுத்துவதும் வேலை. மாலையில் ஊருக்குள் நடந்து போகலாம், கடையில் பொருள் வாங்கலாம். உடனே டெய்லி மெயில் போன்ற நாளேடுகளில் புது மறுப்பாளர் ஒருவர் பிறந்தார். இந்த முறை அவர் ஒல்லியாக இல்லை. நன்றாகத் தின்று கொழுத்து, கையை வீசிக்கொண்டு உலாத்துகிறவர், அரசு செல்லம் கொடுத்து வளர்க்கும் பிள்ளை. ஜான் புல் என்ற தேசபக்த வார இதழின் கார்ட்டூனில், போரால் நாடே அல்லாடும்போது வீட்டில் நாற்காலியில் சாய்ந்து சுகம் காணும் பன்றிக்குட்டியாகவே அவர் ஆனார்.

இரண்டு படங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஒல்லியாக இருந்தால் கோழை, திடமாக இருந்தால் வேலைக்கள்ளன். கண்ணாடி போட்டிருந்தால் ஏட்டுச் சுரைக்காய். தாடி வளர்த்திருந்தால் கிறுக்கன், மழித்திருந்தால் பெண்ணன். தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற உடம்பைப் பிறகு தேடிப் பிடிக்கிற வேலை இது. ஒரே ஒரு பத்திரிகையின் அல்லது ஒரே ஒரு கார்ட்டூனிஸ்டின் வக்கிரம் என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வீட்டுப் பையன் போரில் செத்திருக்கிறான். இந்தப் பையன் உயிரோடு நடந்து போகிறான். அந்த வேதனைக்கு ஒரு விளக்கம் வேண்டியிருந்தது. அவன் மனிதனாகவே குறைப்பட்டவன் என்பது கைக்கு எட்டிய விளக்கம். பத்திரிகைகள் அதை மறுபடி மறுபடி எடுத்துக் கொடுத்தன.

நண்பர்களின் கண்ணும் இதிலிருந்து தப்பவில்லை. 1916 ஏப்ரலில் லண்டனில் கட்டாய ராணுவச் சேவை எதிர்ப்புச் சங்கத்தின் மாநாடு நடந்தது. வெளியே ஆத்திரமடைந்த கூட்டம் நின்றதால், கைதட்டினால் அதைத் தூண்டிவிடும் என்று பிரதிநிதிகள் கைக்குட்டைகளை ஆட்டிப் பாராட்டினார்கள். சோசலிச அறிஞர் பியட்ரிஸ் வெப் பார்வையாளராகப் போயிருந்தார். அன்றைய நாட்குறிப்பில் அவர் எழுதியதைப் படித்தால், மெலிந்த உருவம், மென்மையான முக அமைப்பு, சாந்தமான பார்வை கொண்ட அறிவாளி பக்தர்களே அங்கே அதிகம் என்கிறார். தங்கள் நேர்மையை அளவுக்கு மீறி உணர்ந்தவர்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். வெறுப்பால் எழுதியது இல்லை. ஆனாலும் முகத்தைப் பார்த்துக் குணத்தைப் படிக்கிற அதே பழக்கம்தான். அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்த கிளிஃபோர்ட் ஆலன் உண்மையிலேயே மெலிந்தவர், அழகான முகம், பலவீனமான உடல். ஆதரவுப் பத்திரிகைகளுக்கு அவர் துறவி போலத் தெரிந்தார், எதிர்ப்புப் பத்திரிகைகளுக்கு நோயாளி போலத் தெரிந்தார். மூன்று ராணுவ நீதிமன்றத் தண்டனைகளுக்குப் பிறகு, 1917 டிசம்பரில் சாகிற நிலையில் அவரை விடுதலை செய்தார்கள். சிறையில் கெட்ட உடம்பு பிறகு தேறவே இல்லை.

இன்னொரு விஷயம், இது என்னை உறுத்துவது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட மறுப்பாளர்களில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் ஒரு சிறு கைப்பிடி. மற்றவர்கள் எழுத்தர்கள், ஆசிரியர்கள், நெசவாலைத் தொழிலாளர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், தச்சர்கள். பலர் குவேக்கர், மெதடிஸ்ட், ஜெஹோவாவின் சாட்சிகளுக்கு முன்னோடியான சபை போன்ற கிறிஸ்தவக் குழுக்களைச் சேர்ந்தவர்கள். பலர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் தோழர்கள். சுமார் ஆறாயிரம் பேர் ஒரு முறையாவது சிறை போனார்கள். 70 பேருக்கு மேல் சிறையிலோ முகாமிலோ அங்கே அனுபவித்ததன் விளைவாகவோ இறந்தார்கள். பார்ப்பதற்கு விசித்திரமாக எதுவும் இல்லாததால் இவர்களின் முகம் செய்தியாகவில்லை. கண்ணைக் கவரும் சிலர் எல்லாருக்கும் பிரதிநிதியானார்கள். தொழிலாளி மகன் ஒருவன் ‘ஜெர்மன் தொழிலாளியோடு எனக்கு என்ன சண்டை?’ என்று கேட்டது, மேட்டுக்குடி அறிவாளியின் தாடிக்குப் பின்னால் மறைந்துபோனது.

உடை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மறுப்பாளர்களுக்கே அது பெரிய போராட்டக் களம். சீருடையைப் போட்டுக்கொள்வது என்றால் தான் சிப்பாய்தான் என்று ஒப்புக்கொள்வது. அதனால் பலர் சீருடையைத் தொட மறுத்தார்கள். சொந்த உடைகளைப் பிடுங்கிக்கொண்டபோது, குளிரில் உள்ளாடையோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிலருக்குச் சிப்பாய்கள் வலுக்கட்டாயமாக மாட்டிவிட்டார்கள். கழற்றிப் போட்டார்கள், அடி வாங்கினார்கள். உள்ளே இருப்பவருக்கு அது கொள்கை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, அரைநிர்வாணமாகப் போர்வைக்குள் நடுங்கும் ஒருவன் பைத்தியக்காரன். என்ன நடந்தது என்று விளக்கும் ஒரு வரி இல்லாமல் அந்தக் காட்சியை மட்டும் செய்தியாக்கினால், உண்மையைச் சொல்லிக்கொண்டே பொய்யைப் பரப்பலாம்.

அப்புறம், அதே உடம்பு வதைபடும்போது பத்திரிகையின் குரல் மாறும். 1917இல் கிளீதோர்ப்ஸ் முகாமில் ஜேம்ஸ் பிரைட்மோர் என்பவரைத் தண்ணீர் ஊறிய ஆழக் குழிக்குள் நாள் கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். அவர் எழுதிய கடிதம் ஒரு சிப்பாயின் உதவியால் வெளியே வந்து மான்செஸ்டர் கார்டியனில் அச்சானது. உடனே கண்டனம் எழுந்து, குழியிலிருந்து அவரை எடுத்தார்கள். அந்த ஏடு செய்தது நல்ல பத்திரிகை வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் இதில் ஒரு பாடம் எல்லாத் தரப்புக்கும் கிடைத்துவிட்டது: மறுப்பாளர் பேசினால் கேட்க ஆளில்லை, துடித்தால் கேட்பார்கள். மறுப்பாளர்களின் சொந்த இதழான ‘தி டிரிப்யூனல்’கூட வாரந்தோறும் சிறைக் கொடுமைகளையும் நலிந்த உடல்களையும் முன்னால் வைக்க வேண்டியிருந்தது. அனுதாபம் வந்தது. அனுதாபப்பட்டவர்களில் எத்தனையோ பேர் ‘பாவம், இப்படி அடிக்கக் கூடாது’ என்றார்களே தவிர, ‘அவன் சொல்வது சரியாக இருக்குமோ’ என்ற இடத்துக்குப் போகவில்லை. போர் முடிந்த பிறகும் மறுப்பாளர்களின் ஓட்டுரிமையை 1918ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து வருடங்களுக்குப் பறித்தது.

அமெரிக்காவில் உடம்பைப் பற்றிய இந்த ஆவேசம் மத அடையாளத்தோடு சேர்ந்துகொண்டது. தெற்கு டகோட்டாவின் ராக்போர்ட் குடியிருப்பில் வாழ்ந்த ஹட்டரைட் என்ற கிறிஸ்தவ சபையினர் ஜெர்மன் பேசுகிறவர்கள், எளிய கறுப்பு உடை உடுத்துகிறவர்கள், மணமான ஆண்கள் தாடி வைப்பார்கள். 1918இல் ஜோசப், மைக்கேல், டேவிட் ஹோஃபர் என்ற மூன்று சகோதரர்களும் ஜேக்கப் விப்ஃப் என்பவரும் படைக்கு அழைக்கப்பட்டார்கள். ரயிலிலேயே மற்ற இளைஞர்கள் அவர்களைப் பிடித்துத் தாடியையும் முடியையும் வெட்டினார்கள். முகாமில் சீருடையை மறுத்தார்கள். இருபது வருடத் தண்டனை, அல்காட்ராஸ் தீவின் நிலவறை; அங்கேயும் சீருடையைப் போடாமல் உள்ளாடையோடு ஈரத் தரையில் கிடந்தார்கள். போர் முடிந்த சில நாட்களில் கான்சஸின் லெவன்வொர்த் சிறைக்கு மாற்றப்பட்டு, ஜோசப்பும் மைக்கேலும் சில நாள் இடைவெளியில் அங்கே இறந்தார்கள். கணவரைப் பார்க்க வந்த ஜோசப்பின் மனைவி சவப்பெட்டியைத் திறக்கச் சொன்னபோது, உயிரோடிருந்தவரை அவர் உடுத்த மறுத்த ராணுவச் சீருடை பிணத்துக்கு மாட்டப்பட்டிருந்தது. இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது. கொள்கையைத் தோற்கடிக்க முடியாதவர்கள் தோற்றத்தையாவது தோற்கடித்தார்கள்.

இப்படிப்பட்ட விவசாய மறுப்பாளர்களை விசாரிக்க அமெரிக்க அரசு மூவர் குழு ஒன்றை அமைத்திருந்தது. அதன் தலைவரான வால்டர் கெல்லாக், 1919இல் தன் அனுபவத்தை எழுதினார். மெனோனைட் என்ற கிறிஸ்தவ சபையின் இளைஞர்கள் அறைக்குள் கால் தேய்த்து நடந்து வருவதையும், அரைத்தூக்கத்தில் இருப்பவர்கள் போலத் தெரிவதையும், மாட்டின் சாயல் கொண்ட மந்தமான முகங்களையும் அதில் வர்ணிக்கிறார். ஒரு இளைஞனின் சிறைவாசத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் இருந்தவரின் வர்ணனை அது. தலைமுறைகளாகப் போரை மறுத்து, அதற்காக நாடு விட்டு நாடு பெயர்ந்த ஒரு சமூகத்தின் நினைவு அந்த ‘மந்தமான’ முகத்துக்குப் பின்னால் இருந்தது. உழவர் மகனின் முகம் படித்தவருக்கு எப்போதும் காலியாகவே தெரிகிறது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கொஞ்சம் பாடம் கற்றிருந்தது. சுமார் 12,000 மறுப்பாளர்கள் குடிமைப் பொதுப் பணி முகாம்களில் காடு வளர்ப்பு, தீயணைப்பு, மருத்துவமனை வேலைகளில் இருந்தார்கள். அவர்களில் 36 பேர், ஐரோப்பாவில் பட்டினியில் கிடக்கும் மக்களை எப்படி மீட்பது என்று கண்டறியும் ஆய்வுக்குத் தங்கள் உடம்பையே கொடுத்தார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கக் கட்டடத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வு அது. ஆறு மாதம் அரைப்பட்டினி. உடல் எடையில் சுமார் நாலில் ஒரு பங்கு போயிற்று. 1945 ஜூலை 30 தேதியிட்ட லைஃப் இதழ் அந்த விலா எலும்புகளைப் படம் பிடித்து வெளியிட்டது. அதே இதழ் மே மாதம் நாஜி முகாம்களின் படங்களை வெளியிட்டிருந்தது, அதனால் எலும்பும் தோலுமான உடம்பை எப்படிப் பார்ப்பது என்று வாசகர்களின் கண் அதற்குள் பழகியிருந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒட்டிய உடம்பு கோழையின் அடையாளம். இப்போது அதே ஒட்டிய உடம்பு தியாகத்தின் அடையாளம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த வருடம் நடந்தது. சுமார் 3,000 மறுப்பாளர்கள் மனநல மருத்துவமனைகளில் உதவியாளர்களாக வேலை செய்தார்கள். ஃபிலடெல்ஃபியாவின் பைபெர்ரி மருத்துவமனையில் இருந்த சார்லி லார்ட், நோயாளிகள் துணியில்லாமல் வெறுந்தரையில் கிடந்ததை ஒளித்து வைத்த சிறு கேமராவில் எடுத்தார். அந்தப் படங்கள் 1946 மே மாதம் லைஃப் இதழில் வந்து நாட்டையே அதிரவைத்தன; மனநல மருத்துவமனைகளின் சீர்திருத்தத்துக்கு அது ஒரு பெரிய உந்துதல். போர் மறுப்பாளர் கேமராவுக்கு முன்னால் இல்லாமல் பின்னால் நின்றபோதுதான் அவர் பார்த்தது என்ன என்று நாடு கேட்டது. அவருடைய முகம் யாருக்கும் தேவைப்படவில்லை.

முகம் தேவைப்பட்ட, விரும்பப்பட்ட மறுப்பாளர் டெஸ்மண்ட் டாஸ். துப்பாக்கியைத் தொடாமல் ஒக்கினாவாவில் காயம்பட்டவர்களைக் காப்பாற்றிய மருத்துவ உதவியாளர். 1945 அக்டோபரில் அதிபர் ட்ரூமன் கையால் நாட்டின் உயர்ந்த வீரப் பதக்கம் வாங்கினார். அவருடைய துணிச்சலில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் படத்தில் அவர் சீருடையில் இருக்கிறார் என்பதும், பத்திரிகைகளும் பொதுமக்களும் மனமாரக் கொண்டாடிய மறுப்பாளர் அப்படிச் சீருடையில் இருந்தவர்தான் என்பதும் கவனிக்க வேண்டியவை.

வியட்நாம் போர்க்காலம் என்றதும் நீண்ட முடி, பூப்போட்ட சட்டை, வெறுங்கால் என்று ஒரு படம் வந்துவிடுகிறது. 1965 நவம்பர் 6ஆம் தேதி நியூயார்க் யூனியன் சதுக்கத்தில் ஐந்து பேர் தங்கள் படைச்சேர்ப்பு அட்டைகளை எரித்தார்கள். அன்றைய படங்களில் அவர்கள் கோட்டும் டையும் அணிந்து, முடியை ஒட்ட வெட்டி, அலுவலகம் போகிறவர்கள் போல நிற்கிறார்கள். தோற்றத்தால் தங்கள் வாதம் அடிபட்டுவிடக் கூடாது என்பதில் அந்தக் காலத்து அமைதி இயக்கத்தின் மூத்தவர்கள் மிகவும் கவனமாக இருந்தார்கள். எதிர்க்கூட்டத்திலிருந்து ஒருவர் தீயணைப்புக் கருவியால் அவர்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்சினார்; ‘அட்டையை எரிக்காதே, உன்னை எரித்துக்கொள்’ என்று கூட்டம் கத்தியது. டை கட்டியிருந்தது எந்தப் பாதுகாப்பும் தரவில்லை.

முகமது அலிக்கு நடந்ததுதான் இந்த வரலாற்றின் உச்சம் என்பேன். உலகிலேயே வலுவான உடம்பு. தானே சொல்லிக்கொண்ட மாதிரி அழகான முகம். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் படைச்சேர்ப்பு மையத்தில் கேசியஸ் கிளே என்ற தன் பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ஓர் அடி முன்னால் வர மறுத்தார். கோழை என்று அவரைச் சொல்ல முடியாது, பலவீனர் என்று சொல்லவும் முடியாது. அதனால் உடம்பு வேறு விதத்தில் அவருக்கு எதிரான சாட்சியாயிற்று: காசுக்காக மேடையில் அடிக்கிறவனுக்கு நாட்டுக்காகச் சண்டை போட மட்டும் மனசாட்சி உறுத்துகிறதா? விளையாட்டுப் பத்தி எழுத்தாளர் ரெட் ஸ்மித், போருக்கு எதிராக ஊர்வலம் போகும் ‘குளிக்காத’ பயல்களோடு அலியைச் சேர்த்து எழுதினார். எப்போதும் மடிப்புக் கலையாத சூட்டில் வந்த மனிதரைப் பற்றிய ஒப்பீடு அது. பல நாளேடுகள் அவர் ஏற்ற இஸ்லாமியப் பெயரை அச்சிட மறுத்து வருடக்கணக்கில் ‘கிளே’ என்றே எழுதின. கறுப்பு இளைஞனின் உடம்பு வளையத்துக்குள் இருக்கும்வரை கைதட்டு, அந்த உடம்பை எங்கே பயன்படுத்துவது என்று அவனே முடிவு செய்தால் சிறை என்பதுதான் இதன் சாரம் என்று நான் படிக்கிறேன்.

1968 ஏப்ரலில் எஸ்குவயர் இதழின் அட்டைப்படத்தில் அலி வெள்ளைக் குத்துச்சண்டைக் காலுடையில் நிற்கிறார். உடம்பில் அம்புகள் தைத்திருக்கின்றன. கிறிஸ்தவப் புனிதர் செபாஸ்டியனின் ஓவிய மரபைப் பின்பற்றி ஜார்ஜ் லோயிஸ் திட்டமிட, கார்ல் ஃபிஷர் எடுத்த படம். இதழியல் வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற அட்டைகளில் ஒன்று. அலியின் பக்கம் பேசிய படம், துணிச்சலான படம். ஆனால் இங்கேயும் உடம்புதான் பேசுகிறது. ஒரு முஸ்லிமின் மறுப்பு அமெரிக்க வாசகருக்குப் புரிய, அவர் கிறிஸ்தவ தியாகியின் தோற்றத்தை எடுக்க வேண்டியிருந்தது. மறுத்ததற்காக அலிக்கு விதிக்கப்பட்ட தண்டனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971 ஜூன் 28 அன்று 8-0 என்று ரத்து செய்தது. அதற்குள் அவருடைய வாழ்வின் உச்ச ஆட்டக் காலத்தில் ஆட முடியாமல் மூன்றரை வருடம் போய்விட்டது.

பெண்கள் மறுக்கும்போது தோற்றத்தின் சுமை இன்னும் கூடுகிறது. பெண்களையும் கட்டாயமாகப் படைக்கு அழைக்கும் நாடு இஸ்ரேல். 2008இல் பள்ளி இறுதி மாணவர்கள் ஒரு கூட்டு மறுப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள், சிலர் சிறை போனார்கள். அவர்களில் ஓர் இளம்பெண் மொசாட் உளவு அமைப்பின் முன்னாள் துணைத் தலைவரின் மகள். வெளிநாட்டு ஊடகங்கள் அவரைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தன. தந்தையின் பதவியும் இளம் முகமும் சேர்ந்தால் செய்தி தானாகவே ஓடும். மேற்குக் கரையில் ஒரு சோதனைச் சாவடிக்கு எதிரான போராட்டத்துக்குப் போய் அங்கே பார்த்தது தன்னை மாற்றியது என்று அவர் சொன்னதுதான் பேட்டியின் சாரம். தலைப்பு வாங்கியது அப்பாவின் பதவி. அழகு ஒரு கதவைத் திறக்கிறது என்று சொல்லலாம்தான். ஆனால் அந்தக் கதவு வழியாக உள்ளே போன பிறகும் பேச்சு முகத்தைச் சுற்றியே இருந்தால், ஏன் மறுத்தாய் என்ற கேள்விக்கு இடம் எங்கே?

துருக்கியில் அரசே தோற்றத்துக்குச் சான்றிதழ் கேட்டது. தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களுக்கு ராணுவச் சேவையிலிருந்து விலக்கு உண்டு. அதை நிரூபிக்கச் சொல்லி ராணுவ மருத்துவமனைகள் அந்தரங்கப் புகைப்படங்கள்கூடக் கேட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. மெஹ்மெத் தர்ஹான் தன்பாலீர்ப்பாளர். அந்த வழியில் எளிதாக வெளியே வந்திருக்கலாம். தன்னை நோயாளி என்று முத்திரை குத்தும் சான்றிதழ் வேண்டாம், போரை மறுப்பவனாகவே மறுக்கிறேன் என்றார். 2005இல் சிவாஸ் ராணுவச் சிறையில் அவருடைய முடியையும் தாடியையும் வலுக்கட்டாயமாக வெட்டினார்கள். ஹோஃபர் சகோதரர்களுக்கு ரயிலில் நடந்ததுதான், 87 வருடம் கழித்து. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அதே நாட்டில் அவருக்கு முன்னால் மறுத்தவர் ஒஸ்மான் முராட் உல்கெ. 1995இல் அழைப்பாணையைப் பொதுவில் எரித்தவர். எட்டு முறை தண்டிக்கப்பட்டு, இரண்டு வருடம் போல உள்ளே இருந்து, கடைசியில் வெளியே விடப்பட்டார். ஆனால் தேடப்படுகிறவராகவே இருந்தார். நிரந்தர முகவரி வைத்துக்கொள்ள முடியாது, காதலித்த பெண்ணைச் சட்டப்படி மணக்க முடியாது, பிறந்த மகனைச் சட்டப்படி தன் மகன் என்று பதிய முடியாது. 2006இல் அதே ஐரோப்பிய நீதிமன்றம் இந்த நிலையைக் குடிமைச் சாவுக்குச் சமம் என்றது. அடிபட்ட தழும்பு, ஒட்டிய வயிறு, வெட்டிய தாடி எதுவும் இதில் இல்லை. பார்த்தால் தெருவில் நடக்கிற சாதாரண மனிதர். கேமராவுக்கு இதில் எடுக்க எதுவும் இல்லாததால், துருக்கியில் இப்படி வாழும் மறுப்பாளர்களைப் பற்றிப் பெரும்பாலும் நீதிமன்ற ஆவணங்களிலும் மனித உரிமை அறிக்கைகளிலும்தான் படிக்க முடிகிறது. அந்த நாடு மனசாட்சி மறுப்பை ஓர் உரிமையாக இன்னும் சட்டத்தில் ஏற்கவில்லை.